துணியைச் சுரண்டினால் தகடா வரும்?

அன்புள்ள ஐயா,

1/48 அளவில் இத்தாலியின் மக்கி சி.202 ஃபோல்கோரே போர் விமான மாதிரியைக் கட்டியிருக்கிறேன். கிட்டில் (பாகங்கள் வரும் பெட்டியில்) இருந்த இடது இறக்கை வலதைவிட நான்கு மில்லிமீட்டர் நீளமாக இருந்ததால், அதன் நுனியை அரத்தால் தேய்த்துச் சமமாக்கிவிட்டேன். லிபியப் பாலைவனத்தில் அடிபட்ட விமானமாகக் காட்ட, வண்ணம் உரிந்து அலுமினியம் தெரிய வேண்டும். அதற்கு, வெள்ளி வண்ணத்தின் மேல் உப்பைத் தூவி, மேல்வண்ணம் அடித்தபின் உப்பை உதிர்க்கும் முறை நல்லதா, இரண்டு வண்ணங்களுக்கும் நடுவே ஹேர்ஸ்பிரே அடித்து, பிறகு நனைத்துத் தேய்த்து உரிக்கும் முறை நல்லதா?

கே.

அன்புள்ள கே.,

உப்போ ஹேர்ஸ்பிரேயோ, உங்கள் கைக்குப் பழகியதே போதும். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த அரம்தான். 1,175 குதிரைத்திறன் எஞ்சின் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும்போது விமானம் எதிர்த்திசையில் இடப்பக்கமாகப் புரளப் பார்க்கும் என்பதால், வடிவமைப்பாளர் மாரியோ காஸ்தோல்தி இடது இறக்கையை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீட்டி, அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் தூக்குவிசை தந்தார். அதை 48ஆல் வகுத்துப் பாருங்கள், நீங்கள் தேய்த்தெறிந்த நான்கு மில்லிமீட்டர் வரும். கிட் செய்தவர்கள் சரியாகச் செய்ததைத் திருத்துவதற்கு முன்னால் ஒரு வரைபடத்தையாவது பார்த்திருக்க வேண்டாமா? போகட்டும், ஒரு பிளாஸ்டிக் துண்டை ஒட்டி, புட்டி பூசி மறுபடி வளர்த்துவிடலாம். கட்டிய கைக்கு அது ஒரு மாலை நேர வேலை.

உரிந்த வண்ணத்தைப் பற்றித்தான் நான் சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் முதல் ஃபோல்கோரேயைக் கட்டியபோது, மணல் நிறத்தின் மேல் உருமறைப்புக்கான பச்சைப் புகைவளையங்களை ஒவ்வொன்றாக இழுத்து முடித்த களிப்பில், ஸ்பாஞ்சில் வெள்ளி வண்ணத்தைத் தொட்டு இரண்டு இரவுகள் விமானம் முழுக்க ஒற்றி எடுத்தேன். வாலில் சுக்கானின் மேலிருந்த வெள்ளைச் சிலுவையைக்கூட விட்டுவைக்கவில்லை. பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் நண்பர் ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். சுக்கான் எதனால் ஆனது என்று கேட்டார். சட்டத்தின் மேல் துணி போர்த்தியது என்று பெருமையாகச் சொன்னேன். “துணியச் சொரண்டுனா தகடா வரும்?” என்றார்.

ஃபோல்கோரேயின் உடலும் இறக்கையும் உலோகம். சுக்கானும், வாலின் கிடைமட்ட அசையும் பலகைகளும், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை ஓரத்துப் பலகைகளான எய்லரான்களும் துணி. துணிப் பரப்பில் வெயில் வெளிறலையும், உள்ளிருக்கும் விலாச் சட்டங்களை ஒட்டிய அழுக்கையும் காட்டுங்கள். ஒரு புள்ளி வெள்ளிகூட அங்கே ஆகாது. உலோகத்திலும் எல்லா இடமும் ஒன்றல்ல: விமானி காலூன்றி ஏறும், இறக்கை உடலோடு சேரும் இடம், மெக்கானிக் அன்றாடம் கழற்றி மாட்டும் எஞ்சின் மூடியின் விளிம்புகள், மூக்கின் மேலுள்ள இரண்டு 12.7 மில்லிமீட்டர் துப்பாக்கிகளுக்குத் தோட்டா நிரப்பத் திறக்கும் தகடுகள் ஆகியவற்றில் உரியட்டும். யார் கையோ காலோ படாத இடத்தில் வண்ணம் எதற்காக உரிய வேண்டும்? லிபியாவுக்கு இந்த விமானங்கள் 1941 நவம்பரில் வந்தன. 1943 ஜனவரியில் லிபியத் தலைநகர் திரிப்போலியே இத்தாலியரின் கைவிட்டுப் போய்விட்டது. பதினைந்து மாதம்கூட அங்கே வெயில் காயாத வண்ணத்தை நீங்கள் அரை நூற்றாண்டுப் பழைய தகரக் கூரைபோல உரிக்கப் பார்க்கிறீர்கள். மணல் நிறத்தைக் கொஞ்சம் வெளிறவிட்டு, புகைபோக்கிகளுக்குப் பின்னால் கரியை மெல்லப் படரவிட்டாலே பாதி வேலை முடிந்தது. அதற்கு உப்பும் வேண்டாம், ஹேர்ஸ்பிரேயும் வேண்டாம்.

நண்பர் போன அன்றிரவே என் சுக்கானுக்கு மறுபடி வெள்ளை அடித்தேன். கீலின் இடுக்கில் மட்டும் ஒரு வெள்ளிப் புள்ளி மறையவே இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வந்தால், அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுகிறேன்.