சிலிண்டர் இல்லாமல் மூழ்கினாலும் நைட்ரஜன் சேருமா?

கேள்வி: வயது 34. மூச்சை அடக்கி 28 மீட்டர் வரை மூழ்குவேன். போன வாரம் மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய 50 முறை இறங்கினேன். நீருக்கடியில் இரண்டு நிமிடம், மேலே ஒன்றரை நிமிடம். கரையேறிப் பத்து நிமிடத்தில் தலைசுற்றல், வலது கை மரத்துப்போனது, பேச்சும் குழறியது. ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. ஸ்கூபா (சிலிண்டரோடு மூழ்குவது) செய்யாதவனுக்கும் டிகம்ப்ரஷன் நோய் வருமா?

பதில்: வரும். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், மேலே வரும்போது குமிழிகளாகித் தொல்லை தருவதுதான் டிகம்ப்ரஷன் நோய். உங்களுக்கு வந்தது அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் சாதாரணப் பக்கவாதத்தின் முன்னறிகுறியும் இப்படித்தான் இருக்கும். தானாகச் சரியாகிவிட்டதே என்று விடாதீர்கள். இன்றே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிவரும். அதுவரை தண்ணீரில் இறங்க வேண்டாம்.

ஒரே மூச்சில் உள்ள நைட்ரஜன் கொஞ்சம்தான். ஆனால் 28 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் 3.8 மடங்கு. நுரையீரல் காற்று நெருக்கப்பட்டு, நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. மேலே வந்ததும் அது வெளியேற நேரம் வேண்டும். ஒன்றரை நிமிடத்தில் பாதிக் கணக்கு பாக்கி நிற்க, அடுத்த மூச்சோடு மறுபடி இறங்குகிறீர்கள். ஐம்பது முறை பாக்கி சேர்ந்தால்? பசிபிக்கின் துவாமோத்து தீவுகளில் முத்துச்சிப்பி எடுத்தவர்கள் இதே தொல்லையைத் 'தாரவானா' என்றார்கள். மூழ்கல்களுக்கு நடுவே நீண்ட ஓய்வெடுத்த அண்டைத் தீவான மங்காரேவாவினரிடம் அது காணப்படவில்லை.

ஃப்ரீடைவிங்கில் (மூச்சை அடக்கி மூழ்குவதில்) மூட்டு வலியைவிட மூளைக் கோளாறே அதிகம். சிரைகளில் உருவாகும் குமிழிகளை நுரையீரல் வடிகட்டிவிடும். மறுபடி ஆழத்துக்குப் போகையில் அவை சுருங்கித் தமனிக்குள் நழுவி மூளைக்குப் போய்விடலாம் என்பது ஒரு விளக்கம். நான்கில் ஒருவருக்கு இதய மேலறைகளுக்கு நடுவே பிறவித் துளை மூடாமலிருக்கும். அது இன்னொரு குறுக்குவழி. குமிழி எக்கோவில் (நுண்குமிழிகளை ஊசியில் செலுத்திச் செய்யும் இதய ஸ்கேன்) அது தெரிந்துவிடும். ஸ்கூபா செய்த அன்றே ஃப்ரீடைவிங் கூடாது என்பதும் இந்தக் குமிழிகளால்தான்.

ஓய்வுக்கு நடைமுறைக் கணக்கு: மூழ்கிய நேரத்தின் இரு மடங்கு அல்லது ஆழத்தை (மீட்டரில்) ஐந்தால் வகுத்த நிமிடங்கள், எது அதிகமோ அது. உங்களுக்கு 4, 5.6; ஆக, ஆறு நிமிடம். அப்படியானால் மணிக்கு ஏழு மூழ்கல்தான். நீங்கள் பதினேழு போனீர்கள். இந்தக் கணக்கும் முழு உத்தரவாதம் அல்ல. நீருக்கடியில் இழுத்துச்செல்லும் ஸ்கூட்டரில் இறங்கினால், குளிரில் நடுங்கினால், உடலில் நீர் வற்றினால் இன்னும் கூட்டுங்கள்.

மறுபடி அறிகுறி வந்தால்: மல்லாக்கப் படுக்கவைத்து, முகமூடியில் நிமிடத்துக்கு 15 லிட்டர் சுத்த ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே, உயர் அழுத்த ஆக்சிஜன் அறை உள்ள மருத்துவமனைக்கு. குமிழியைச் சுருக்குகிறேன் என்று திரும்ப நீரில் மூழ்குவது சிலர் செய்யும் தவறு; பாதியில் நினைவு தப்பினால் மூழ்கியே போவீர்கள்.