வாசகர் கேள்வி பதில்: ஓட்டத்துக்கு முன்னாடி வயித்தக் கலக்குனா

கேள்வி: என் மகளுக்கு 14 வயசு, 800 மீட்டர் ஓடுறா. கோட்டமட்டம், வலயமட்டம் ரெண்டுலயும் முதலாமிடம். போன வருசம் மாகாணமட்டத்துக்கு கண்டிக்குப் போனப்போ ஓட முன்னமே வாந்தி எடுத்துட்டா, கடைசியாத்தான் வந்தா. லயத்துல எல்லாரும் பயந்தாங்கொள்ளிங்குறாங்க, நானும் கோவத்துல ஏசிட்டேன். இந்த வருசமும் போகப்போறா, என்ன செய்றது?
ஒரு அம்மா, பொகவந்தலாவ

பதில்: அக்கா, அது பயந்தாங்கொள்ளித்தனம் இல்ல. போட்டின்னதும் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், வயித்துக்குப் போற ரத்தம் கொறஞ்சு தசைக்குப் போகும், அதான் கலக்குது. ஒலிம்பிக்ல ஓடுறவங்களுக்கும் ஒடம்பு இதேதான் செய்யும்.

ஆனா உங்க மககிட்ட என்ன பயம்னு உக்காந்து கேட்டீங்களா? நானும் பல வருசம் தோட்டத்துப் புள்ளைங்கள கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனவன்தான், "பயமா இருக்கு சேர்"னு சொல்ற புள்ளகிட்ட கொஞ்ச நேரம் கதைச்சா பாதி நேரம் அது பயமே இல்ல, வெக்கம், மத்தவங்க ஸ்பைக்ஸ் போட்டுட்டு நிக்கிறாங்க நம்ம வெறுங்கால்ல நிக்கிறோமேன்னு. இன்னொரு புள்ளைக்கு மைக்ல சிங்களத்துல பேர் கூப்புடுறது வெளங்காது. இன்னொன்னுக்கு அம்மா கொழுந்துக்குப் போகாம ஒருநாள் பேர, அதாவது ஒருநாள் சம்பளத்த விட்டுட்டு வந்திருக்காங்களே, தோத்துட்டா எப்புடி மொகத்தப் பாக்குறதுன்னு. வெக்கத்துக்கு ஒரு சோடி ஸ்பைக்ஸ் இரவல் வாங்கிக் குடுத்தா போதும், மைக்குக்கு டீச்சர் ஒருத்தர் பக்கத்துல நின்னா போதும், மூணாவது இருக்கே, அத நீங்க மட்டும்தான் எறக்கி வைக்கலாம். என்னன்னு தெரியாம "தைரியமா ஓடு"ன்னா எதுக்கும் வேலைக்காகாது.

1990ல பீட்டர் சாலோவே, ஜான் மேயர்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உணர்வு நுண்ணறிவுன்னு எழுதினது இதத்தான், தனக்குள்ளயும் அடுத்தவங்களுக்குள்ளயும் ஓடுற உணர்ச்சிய இனங்கண்டு பிரிச்சுப் பாத்து அத வச்சு நடந்துக்குறது. அடக்கி வைக்கிறதுன்னு அவங்க சொல்லல.

800 மீட்டர்ல இன்னொரு விசயமும் இருக்கு. பதட்டத்துல மொத சுத்த ஓவர் வேகமா ஓடிருவாங்க, ரெண்டாவது சுத்துல கால் கல்லாயிரும். அவ மொத 400 எவ்வளவு நேரத்துல ஓடுனான்னு கோச்கிட்ட கேட்டுப் பாருங்க, கடைசியா வந்ததுக்குக் காரணம் அங்கயே இருக்கலாம்.

அப்புறம் "அமைதியா இரு"ன்னு சொல்லாதீங்க. ஹார்வர்ட்ல அலிசன் வுட் புரூக்ஸ் 2014ல வெளியிட்ட ஆய்வுல, பாடப் போறவங்க, மேடையில பேசப் போறவங்க, கணக்குப் போடப் போறவங்க, இவங்கள்ல "அமைதியாகு"ன்னு சொல்லிக்கிட்டவங்கள விட "உற்சாகமா இருக்கேன்"னு சொல்லிக்கிட்டவங்க நல்லா செஞ்சாங்க. அது ஓட்டக்காரங்கள வச்சு செஞ்சதில்ல, ஆனா படபடக்குற நெஞ்சு ஒன்னுதானே. "ஒடம்பு ஓட ரெடியாயிருச்சு"ன்னு சொல்லிக் குடுங்க. அதுக்கும் முன்னாடி, போன வருசம் ஏசினதுக்கு அவகிட்ட மனசு விட்டுக் கதைச்சிருங்க, அந்தப் பாரத்தோட அவ ஸ்டார்ட்டிங் லைன்ல நிக்கக் கூடாது.

கேள்வி: நான் தோட்டத்து வொலிபோல் டீம் கேப்டன். நடுவர் பிழையா விசில் அடிச்சா தாங்க ஏலாது, சிவப்பு அட்டை வாங்கியிருக்கேன். கோவம் இல்லாம எப்புடி வெளையாடுறது?
மஸ்கெலியா வாசகர்

பதில்: தம்பி, கோவம் இருக்கட்டும். நம்ம கண்டி கிரிக்கெட் வீரர் முரளிதரன நினைச்சுப் பாருங்க, 1995ல மெல்போர்ன்ல பந்த எறியுறாருன்னு நடுவர் ஒரே நாள்ல 7 தடவ நோபோல் குடுத்தாரு, உலகமே பாத்துட்டு இருந்துச்சு. அவருக்குக் கோவமும் வேதனையும் வராமலா இருந்திருக்கும்? மற்றப் பக்கத்துல இருந்து திரும்பப் பந்து போட்டாரு. 2010ல காலியில அவரோட கடைசி டெஸ்ட்ல, கடைசிப் பந்துல 800வது விக்கெட்.

உங்க ஆட்டத்துல நடுவர்கிட்ட விளக்கம் கேக்குற உரிமை கேப்டனுக்கு மட்டும்தான். நீங்க கத்திட்டா டீமுக்கு வாயே இல்லாமப் போயிரும், சிவப்பு அட்டைன்னா மற்ற டீமுக்கு ஒரு புள்ளியும் சர்வீசும் வேற போகுது. சர்வ் பண்ண விசில் அடிச்ச பிறகு உங்களுக்கு 8 செக்கன் இருக்கு, நம்ம பொடியங்க அத வீணாக்கி ஒடனே அடிச்சிர்றாங்க. பந்த ரெண்டு தடவ தரையில தட்டுங்க, மூச்ச உள்ள இழுத்தத விட மெதுவா வெளிய விடுங்க, "எனக்கு இப்ப கோவம்"னு மனசுக்குள்ள சொல்லிட்டு அடிங்க. இத மெட்ச் அன்னைக்கு மொத மொத செஞ்சா வராது, பின்னேரம் பிரட்டுக்களத்துல பிரக்டிஸ் பண்ணும்போதே ஒருத்தர நடுவரா நிப்பாட்டி வேணும்னே பிழையா விசில் அடிக்கச் சொல்லுங்க.