"நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் செலவு மிச்சம்" என்று ஓட்டிசம் உள்ள மகன் சொல்வதைப் பெரிதாக எடுக்க வேண்டுமா?

இதைக் கேட்டிருக்கும் நீங்கள் தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வாழும் தாய். உங்கள் மகனுக்கு 14 வயது, ஓட்டிசத்தோடு ஏ.டி.எச்.டி.யும் (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த நிலை) இருப்பதாக வைத்தியர் கூறியிருக்கிறார். இரவுச் சோறு சாப்பிடும்போது அழாமல், முகம் மாறாமல் அவன் இந்த வசனத்தைச் சொன்னதாகவும், "விளையாட்டுக்குச் சொல்கிறான், விடு" என்று வீட்டார் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் மலையகப் பாடசாலையொன்றின் விசேட கல்வி அலகில் கற்பிக்கும் ஆசிரியை; வைத்தியர் அல்ல. ஆனாலும் என் பதில் தெளிவானது: பெரிதாகவே எடுங்கள், இன்றைக்கே எடுங்கள்.

அழவில்லை என்பதால் வலியில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தம் மனதில் இருப்பது கவலையா, பயமா, களைப்பா என்று பிரித்தறிந்து சொல்வதே கடினம். அறிந்தாலும் அது முகத்திலும் குரலிலும் நாம் எதிர்பார்க்கும் விதத்தில் வெளிப்படுவதில்லை. என் வகுப்பில் கிரிக்கெட் ஓட்டங்களை சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்த ஒரு மாணவனிடம் "மனசு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டால் "தெரியாதுங்க டீச்சர்" என்பதுதான் எப்போதும் பதில். "இந்தக் கிழமை செத்துப்போயிடணும்னு நெனச்சியா?" என்று நேராகக் கேட்டபோது, கோட்டிலிருந்து அடிமட்டத்தை எடுக்காமலே, "ஆமாங்க டீச்சர், செவ்வாய்க்கிழமை, இன்டர்வல்ல" என்றான். அந்த இடைவேளையில் சில பையன்கள் அவனை மலசலகூடத்தில் வைத்துப் பூட்டியிருந்தார்கள் என்பது அதன் பின்னர்தான் தெரியவந்தது.

ஆகவே நீங்களும் நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்ற அச்சம் நம் மக்களிடம் மிகுதியாக உண்டு, அதற்கு ஆதாரமில்லை. "சாக வேண்டும் என்று நினைத்தாயா? எப்போது? எப்படி என்றும் யோசித்தாயா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவன் பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள். லயத்தில் நடுச்சுவருக்கு அப்பால் பேசுவதெல்லாம் கேட்கும் என்பதால், வெளியே நடந்துகொண்டே பேசுவது நல்லது. கண்ணைப் பார்க்க வேண்டிய தேவையில்லாதபோது இப்பிள்ளைகளுக்கும் பேச்சு எளிதாக வரும்.

டென்மார்க்கின் 1995 முதல் 2016 வரையான தேசியப் பதிவேடுகளை ஆராய்ந்து 2021 இல் வெளியான ஆய்வொன்றில், ஓட்டிசம் உள்ளவர்களிடையே தற்கொலையும் தற்கொலை முயற்சியும் ஏனையோரைவிட மூன்று மடங்குக்கு மேல் காணப்பட்டன. அவ்வாறு உயிரை மாய்த்த அல்லது மாய்க்க முயன்ற ஓட்டிசம் உள்ளவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு வேறோர் உளநோயும் இருந்தது. இதை நான் நம்பிக்கை தரும் செய்தியாகவே பார்க்கிறேன். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு, கேலி செய்வதைத் தடுக்கவும் முடியும். பெண்பிள்ளைகள் விடயத்தில் எனக்குக் கவலை இன்னும் அதிகம். மற்றப் பிள்ளைகளைப் பார்த்து நடித்துச் சமாளிப்பதால் அவர்களுடைய ஓட்டிசம் பல ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது, அந்த நடிப்பே அவர்களை உருக்குலைக்கிறது.

ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளையிடம் எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையில் கிடைக்கும் நேரம் மிகக் குறைவாக இருக்கக்கூடும். அந்த நேரத்தை நீட்டிக்கொடுப்பதே வீட்டில் உங்கள் முதல் வேலை. மரக்கறித் தோட்டத்துக்கு வாங்கிய பூச்சி மருந்துகளையும், வீட்டிலுள்ள குளிசைகளையும் இன்றே அப்புறப்படுத்துங்கள் அல்லது பூட்டிச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதம் கொண்ட நாடுகளில் ஒன்றாக இருந்த இலங்கையில், கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதும் இறப்புகள் பெருமளவு குறைந்தன. கைக்கு எட்டாத தூரம் உயிரைக் காக்கும் என்பதற்கு நம் நாடே சான்று.

கொழுந்து பறிக்கப் போனால்தான் நாட்சம்பளத்துக்குப் பெயர் விழும் என்பதும், கிளினிக் நாளில் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்தக் கிழமையே மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அவனை அழைத்துச் செல்லுங்கள். தமிழில் பேசக்கூடியவர் இருக்கும் நாளை முன்கூட்டியே விசாரியுங்கள். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், ஏனெனில் புதியவர் முன்னிலையில் அவன் வாய் திறக்காமலிருக்கக்கூடும். பூசாரியிடம் போக வேண்டும் என்று பெரியவர்கள் விரும்பினால் அதற்காகச் சண்டை பிடிக்காதீர்கள். வைத்தியரிடம் போய்வந்த பிறகு போகலாம் என்று சொல்லுங்கள். அதற்கு முன்னரே நிலைமை மோசமானால் அவனைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 ஐ எந்நேரமும் அழைக்கலாம், உயிராபத்தென்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

பாடசாலைக்குச் சொன்னால் பெயர் கெட்டுவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வகுப்பாசிரியரிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள்: இடைவேளையில் அவன் எங்கே நிற்கிறான், யார் அவனைச் சீண்டுகிறார்கள், பஸ்ஸில் யாரோடு வருகிறான் என்பதைக் கவனிக்குமாறு கேளுங்கள், சத்தம் தாங்க முடியாதபோது அவன் போய் உட்கார ஓர் அறையையும், போய்ப் பேச ஓர் ஆசிரியரையும் குறித்துத் தருமாறும் கேளுங்கள்.