உற்பத்தி ஆர்டர் மென்பொருளில் ஒரே பொருளுக்குப் பல தேர்வுகளை அமைப்பது எப்படி?

ஒரே அடிப்படைப் பொருளை, வாடிக்கையாளர் கேட்கும் விதத்தில் மாற்றிச் செய்துதர மென்பொருளில் வைக்கும் ஏற்பாடு இது.

கோவையில் மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒரே உருப்படியாக இணைந்தது) செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைத்திறன் 5 வகை, சிங்கிள் பேஸ் அல்லது த்ரீ பேஸ், இம்பெல்லர் (உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) 3 வகை, பைப் அளவு 4 வகை. பெருக்கினால் 120. அத்தனைக்கும் தனித்தனி உதிரிபாகப் பட்டியல் போட்டால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு போல்ட் மாறினாலும் 120 இடத்தில் திருத்த வேண்டும். எங்காவது ஒன்று நிச்சயம் விட்டுப்போகும்.

அதனால் பட்டியல் ஒன்றுதான். பொதுவான பாகங்கள் எப்போதும் வரும். மற்றவை தேர்வைப் பொறுத்துச் சேரும். மெஸ்ஸில் தோசை மாவும் கல்லும் ஒன்றுதானே, நெய்யா பொடியா வெங்காயமா என்பது ஆர்டரோடு வருகிறது.

உண்மையான உழைப்பு விதிகளில்தான். சிங்கிள் பேஸ் என்றால் மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டர் தானாகச் சேர வேண்டும். த்ரீ பேஸுக்கு அது வரக்கூடாது. ஒவ்வாத சேர்க்கையை ஆர்டர் எடுக்கும்போதே தடுக்க வேண்டும். இவையெல்லாம் வைண்டிங் செய்பவருக்கும் ஃபிட்டருக்கும்தான் அத்துபடி. தயவுசெய்து அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதுங்கள். விலையையும் வேலை நேரத்தையும் அந்தந்தத் தேர்வோடு இணைத்துவிடுங்கள்.

தேர்வுகளை அமைத்துவிட்டால் ஒவ்வொரு வகைக்கும் தனிப் பொருள் குறியீடே (ஐட்டம் கோடு) தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, முன்கூட்டியே செய்து குடோனில் அடுக்கிவைத்து விற்கும் பம்புகளுக்கு, இருப்புக் கணக்குக்காக வகைக்கு ஒரு குறியீடு வேண்டும்.