ஓடுகிற வேனில் இருக்கும்போதே எஞ்சினை வாங்குங்கள்

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "ஐயா, தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக வேலை செய்கிறேன். லோட்டஸ் செவன் அமைப்பில் இருவர் அமரும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பெரியப்பாவின் கொட்டகையில் கட்டிவருகிறேன். சதுரக் குழாய்ச் செசி முடிந்துவிட்டது. எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில். எஞ்சினுக்கென்று நான்கு இலட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். கொழும்புத் தரகர் ஒருவர் ஜப்பானிலிருந்து வந்த, கழற்றப்படாத 4ஏ-ஜீஈ எஞ்சின் இருக்கிறது, 40,000 கிலோமீற்றர்தான் ஓடியது என்று படம் அனுப்பி, பாதிப் பணத்தை முற்பணமாகக் கேட்கிறார். வாங்கலாமா? நண்பர் ஒருவர் பழைய ஹொண்டா சிவிக் எஞ்சினைச் சும்மா தருவதாகவும் சொல்கிறார். நம்பகமாகவும் கைக்கு அடக்கமாகவும் எதைப் போடலாம்?"

வாங்காதீர்கள். முற்பணம் இன்னும் கைமாறவில்லை என்ற நம்பிக்கையில்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

டொயோட்டாவின் 4ஏ-ஜீஈ மோசமான எஞ்சின் அல்ல. 1,587 சீசீ, வார்ப்பிரும்பு பிளொக், காலத்துக்குக் காலம் 120இலிருந்து 165 குதிரைவலு வரை கொடுத்தது. ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போய் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தைப் பார்த்த எந்த இளைஞனுக்கும் அதன் பெயர் மந்திரம் மாதிரி. ஆனால் அதன் தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்று சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் முன் சக்கர இழுவைக் கார்களில் குறுக்காகப் படுத்திருந்தது. உங்கள் செசியில் அது நெடுக்காக நிற்க வேண்டும். அதற்கு டீ-50 என்ற கியர் பொக்ஸ் வேண்டும். எஞ்சினுக்கு நான்கு இலட்சத்தையும் கொட்டிவிட்டு அந்த கியர் பொக்ஸைத் தேடி இரண்டு வருடம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய எஞ்சின் இன்னும் தார்ப்பாய்க்குள் தூங்குகிறது.

தரகர் சொன்ன 40,000 கிலோமீற்றருக்கு வருகிறேன். கிலோமீற்றர் காட்டும் மீட்டர் டாஷ்போர்டில் இருக்கிறது, எஞ்சினில் இல்லை. டாஷ்போர்ட் ஜப்பானில் எந்தக் குப்பையில் கிடக்கிறதோ! ஆக, அந்த எண் தரகரின் வாயில் பிறந்தது. "கழற்றப்படாதது" என்பதையும் நீங்களே சோதிக்கலாம். தலைப்பகுதியின் போல்ட்டுகளைப் பாருங்கள், ஸ்பானர் பட்ட தடம் இருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். எஞ்சின் முழுக்க வெள்ளிப் பெயின்ட் பளபளத்தால், அதை அடித்தவனுக்கு மறைக்க ஏதோ இருந்திருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த அலுமினியத்துக்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. படத்தில் முன்பக்க மூடி கழன்றிருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: மேலே இரண்டு பெரிய பெல்ட் சக்கரங்கள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் அது ஜீஈ அல்ல, சாதாரண எஃப்ஈ. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்துக்குத்தான் தரகர் உங்களிடம் காசு கேட்கிறார்.

இவர்கள்மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. கராஜ் தொடங்கிய புதிதில் கொழும்பில் ஒரு கடையில் ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் பட்டரி இணைத்து ஸ்டார்ட் செய்தார். ஒரே சுழற்சியில் பிடித்தது, புகை இல்லை, சத்தம் இல்லை. எக்ஸோஸ்ட் குழாயின் அடியைத் தொட்டுப் பார்க்க எனக்கு அன்று தோன்றவில்லை. தொட்டிருந்தால் சுட்டிருக்கும்: நான் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். பொருத்திக்கொண்டு மலையேறினேன். கினிகத்தேனைக்கு வருமுன்பே ஒயில் விளக்கு மினுங்கியது. வீட்டில் வந்து ஒயிலை இறக்கினால், தேன்பாகு மாதிரித் தடித்த கியர் ஒயில் பாத்திரத்தில் நூலாக இறங்குகிறது. தேய்ந்த பேரிங்கின் சத்தத்தை அமுக்க அதை ஊற்றியிருந்தார்கள். திரும்பக் கொண்டுபோனபோது, "திருப்பித் தருவதற்கான ஒரு வாரத் தவணை முடிந்துவிட்டது" என்றார் கடைக்காரர். வாங்கி எட்டு நாள்.

அந்த ஒரு வாரத் தவணைதான் உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பொறி. உங்கள் கார் ஓட இன்னும் ஆறு மாதமாவது ஆகும். ஓடாத காரில் எஞ்சினை எப்படிச் சோதிப்பீர்கள்? தவணை முடிந்து இருபத்தைந்தாவது வாரத்தில்தான் குறையே தெரியவரும். ஆகவே தரையில் டயர் மேல் உட்கார்ந்திருக்கும் எந்த எஞ்சினையும் வாங்காதீர்கள். ஓடும் வண்டிக்குள் இருக்கும்போதே வாங்குங்கள்.

எந்த வண்டி? பழைய டொயோட்டா லைட்ஏஸ் அல்லது டவுன்ஏஸ் பெற்றோல் வேன். 5கே எஞ்சின், 1,486 சீசீ. 7கே கிடைத்தால் 1,781 சீசீ. கொரோலா டீஎக்ஸ் வேகனில் வந்த 4கே என்றால் 1,290 சீசீ. மூன்றும் ஒரே குடும்பம். முகம் சுளிக்காதீர்கள். வெளிநாட்டில் செவன் கட்டுகிறவர்கள் வால்வுகளைக் கம்பியால் தள்ளித் திறக்கும் ஃபோர்டின் பழைய தள்ளுகம்பி எஞ்சின்களைப் பெரிதாகப் பேசுவார்கள். கே வகையும் அதே பாணிதான். டைமிங் பெல்ட் இல்லை, குட்டையான சங்கிலி. கம்ப்யூட்டர் இல்லாத கார்புரேட்டர் வகையாகவே பாருங்கள். 92 பெற்றோல் போதும். பின் சக்கர இழுவைக்கென்றே நெடுக்காக வைக்கப்பட்டது. நீங்கள் மனதில் வைக்க வேண்டியது எடையைத்தான். அந்த வேன் ஒரு டன்னுக்கு மேல். அதில் பள்ளிப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு ஹட்டன் ஏற்றம் ஏறும். உங்கள் கார் ஒழுங்காகக் கட்டினால் 500 கிலோகிராம் பக்கத்தில் நிற்கும். இந்த எஞ்சினின் எழுபது குதிரைவலு அந்த எடைக்கு என்ன செய்யும் என்பதை முதல் நாள் ஓட்டும்போது நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

உதிரிப்பாகமும் ஒரு காரணம். கார்பு கிட், கிளட்ச் தட்டு, வோட்டர் பம்ப் என்று எதுவானாலும் ஹட்டனிலோ நாவலப்பிட்டியிலோ கேட்டுப் பாருங்கள். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைக்குப் பஸ் ஏற வேண்டிய தேவை அரிதாகவே வரும். உங்கள் ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டத் தெரிந்த எஞ்சின் எதுவோ, அதுதான் உங்களுக்கு நம்பகமான எஞ்சின். டொயோட்டாவின் புதிய 1என்ஸெட் வகை எஞ்சின்களும் நல்லவைதான். ஆனால் சிலவற்றின் கம்ப்யூட்டர் சாவியை அடையாளம் கண்டால்தான் ஸ்டார்ட் ஆகும். வயரிங் முழுவதும் வராமல் அவற்றைத் தொடாதீர்கள்.

ஒரு சின்னச் சிக்கல் உண்டு. வேனின் கியர் கம்பி நீண்ட இணைப்புகளால் இயங்குகிறது. உங்கள் காரில் அது கைக்குச் சரியாக வராது. டீஎக்ஸ் வேகனின் கியர் பொக்ஸில் கம்பி நேராக மேலேயே இருக்கும். அது 5கேயின் பின்முகத்தில் பொருந்தும். அதையும் தேடிக்கொள்ளுங்கள். நேரம் வாய்த்தால் அதே வேகனின் பின் அச்சையும்.

வேனை எப்படிச் சோதிப்பது? உடம்பு உக்கிப்போய் எஞ்சின் மட்டும் உயிரோடு இருக்கும் வேன்கள் தோட்டப் பக்கங்களில் நிறைய நிற்கின்றன. காலையில், யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் போங்கள். எக்ஸோஸ்ட் குழாயில் கை வையுங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தேன் நிறத்தில் இருந்தால் நல்லது, கருங்களிம்பு என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஆளை ஏற்றிக்கொண்டு, நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு மூன்றாம் கியரில் ஏறச் சொல்லுங்கள். சூடு முள் ஏறுகிறதா, பின்னால் நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரில் கால் எடுத்தபடி விட்டு, அடியில் மீண்டும் மிதிக்கும்போது புகைத்தால் வால்வு ரப்பர்கள் போயிருக்கின்றன. அது சின்னச் செலவு, விலை பேச உதவும்.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும்போது எழும் அழுத்தம். இங்கேதான் மலைநாட்டில் நல்ல எஞ்சின்கள் அநியாயமாகக் கழிக்கப்படுகின்றன. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கம்ப்ரஷன் மானி உள்ளே போன காற்றைத்தானே அளக்கிறது? கொழும்பில் 170 பீஎஸ்ஐ காட்டும் அதே எஞ்சின் உங்கள் தலவாக்கலையில் 147 அளவில்தான் காட்டும்; நுவரெலியாவில் 136. புத்தகத்தில் உள்ள எண்ணைப் பிடித்துக்கொண்டு, "பிஸ்டன் ரிங் போய்விட்டது, ஓவர்ஹோல் செய்ய வேண்டும்" என்று சொல்லும் கராஜ்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. தெரியாமல் சொல்கிறவர் பாதி, தெரிந்தே சொல்கிறவர் பாதி. நீங்கள் பார்க்க வேண்டியது நான்கு சிலிண்டருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை. பிளக்குகள் நான்கையும் கழற்றி, அக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, நல்ல பட்டரியில் சுழற்றுங்கள். ஒன்றுக்கொன்று 15க்குள் இருந்தால் போதும். ஒன்று மட்டும் விழுந்தால் அதில் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

அதே மெல்லிய காற்றால் உங்கள் ஊரில் எஞ்சினின் வலுவும் ஏழில் ஒரு பங்கு குறையும், கார்புரேட்டரில் பெற்றோல் சற்றுக் கூடுதலாகப் போகும். கறுப்பாகப் புகைக்கிறது என்று பெற்றோல் வரும் துளையான ஜெட்டைச் சிறிதாக்கிவிட்டு அப்படியே கொழும்புக்கு இறங்காதீர்கள். கீழே பெற்றோல் பற்றாமல் பிஸ்டன் கருகும். ரேடியேட்டருக்குப் புதிய மூடி போடுங்கள். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும், அழுத்தம் பிடிக்காத மூடி அங்கே உதவாது.

இனி அந்தச் சும்மா கிடைக்கும் சிவிக் எஞ்சின். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்லமாட்டார்கள். பெல்ட் பக்கம் நின்று பார்த்தால் ஏறக்குறைய எல்லாக் கார் எஞ்சின்களும் கடிகார முள் போகும் திசையில் சுற்றும். பழைய ஹொண்டா எஞ்சின்கள் எதிர்த்திசையில் சுற்றும். அதன் சொந்த கியர் பொக்ஸோடு, சொந்த இடத்தில் இருக்கும்வரை உங்களுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அதை உங்கள் காரில் நெடுக்காக நிறுத்தி, பின்னால் டொயோட்டா கியர் பொக்ஸைப் பூட்டினால் என்ன ஆகும்? முதல் கியரில் கிளட்சை விட்டதும் கார் பின்னால் போகும். இரண்டாவதில் இன்னும் வேகமாகப் பின்னால் போகும். ஐந்து கியரும் பின்னுக்கு, ரிவர்ஸ் ஒன்றுதான் முன்னுக்கு. சிரிப்பாக இருக்கும், அடப்டர் தட்டு கடைந்து, மவுன்ட் ஒட்டி, எல்லாம் முடித்தபிறகு கண்டுபிடித்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. புதிய தலைமுறை ஹொண்டாக்கள் மற்றவற்றைப் போலவே சுற்றும், ஆனால் உங்கள் நண்பர் சொல்வது பழையது. எஞ்சினைச் செசிக்குப் பின்னால், குறுக்காக, அதன் கியர் பொக்ஸோடு வைத்திருந்தால் நானே எடுக்கச் சொல்லியிருப்பேன். நீங்கள் செசியை முடித்துவிட்டீர்கள். நண்பருக்கு நன்றி சொல்லிவிடுங்கள்.

காகிதங்கள். வேனின் பதிவுச் சான்றிதழில் செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் இருக்கும். பிளொக்கில் வெட்டப்பட்ட இலக்கத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் அரம் பட்ட தடம் இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் தொடாதீர்கள். விற்பவரின் அடையாள அட்டை இலக்கத்தோடு எழுத்தில் ரசீது, சான்றிதழின் பிரதி, இரண்டும் கையில் வந்தபிறகுதான் பணம். "பதிவுப் புத்தகத்தையும் சேர்த்துத் தருகிறேன், அந்த வேனின் இலக்கத்தையே உங்கள் காரில் அடித்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். அது குற்றம். பிடிபட்டால் அவர் இருக்கமாட்டார், நீங்கள்தான் இருப்பீர்கள்.

நேர்மையாகக் கட்டிய காரைப் பதிவு செய்யப் போனால் என்ன நடக்கும் என்று கேட்பீர்கள். என் மாணவர் ஒருவரோடு போயிருக்கிறேன். முதல் ஜன்னலில், "தயாரித்த கம்பெனியின் பெயர் என்ன?" என்றார்கள். "நான்தான்" என்றான் அவன். அந்தப் பதிலுக்கு அவர்களுடைய படிவத்தில் கட்டம் இல்லை. நாள் முழுக்க ஜன்னல் ஜன்னலாக நின்றோம். ஒவ்வொருவரும் அடுத்த ஜன்னலைக் காட்டினார்கள். நாங்கள் மாலை பஸ்ஸில் திரும்பும்போதும் அவன் கையில் அதே வெற்றுப் படிவம். ஆகவே எஞ்சினுக்குக் காசு கொடுக்குமுன், உங்கள் காரை வீதியில் ஓட்ட என்னென்ன வேண்டும் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள். வாய்ப் பதிலை நம்பாதீர்கள். பந்தயப் பாதையில் மட்டும்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் விதிகள் வேறு. அதைப் போட்டி நடத்துகிறவர்களிடம் கேளுங்கள்.

உங்கள் பெரியப்பா பதினைந்து வருடம் பள்ளி வேன் ஓட்டியவர் என்று கடிதத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். லைட்ஏஸாகத்தான் இருந்திருக்கும். வேன் பார்க்கப் போகும்போது அவரைக் கூட்டிக்கொண்டு போய், நீங்கள் பேசாமல் பின் சீட்டில் உட்காருங்கள்.