முதல் காராக எலெக்ட்ரிக் வாங்கலாம், ஆனால் அது சத்தம் போடாது

கல்லூரி சேரப்போகும் மகனுக்கு முதல் வண்டியாக எலெக்ட்ரிக் கார் வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தரலாம். ஆனால் நம் டெல்டா ரோட்டுக்கென்று தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு.

நாங்கள் நீடாமங்கலம் பக்கம். மகளுக்கு 18 முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்ததும் 24 கிலோவாட் மணி பேட்டரி உள்ள டாடா டியாகோ எலெக்ட்ரிக் கார் வாங்கினோம். மன்னார்குடி கல்லூரிக்குப் போக வர 30 கிலோமீட்டர், நாலைந்து யூனிட் கரண்ட் போதும். கிளட்ச், கியர் என்று காலும் கையும் தடுமாறாததால் அவள் கண் ரோட்டை விட்டு நகரவில்லை. வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது வண்டி அணைந்துவிடுமோ என்ற பயமும் இல்லை.

தை மாதம், சம்பா அறுவடை நேரம். ஒரு வளைவில் பாதி ரோட்டுக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். ஒரு பாட்டி எங்களுக்கு முதுகு காட்டியபடி காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே நடந்தார். டீசல் வண்டி என்றால் சத்தம் கேட்டுத் தூரத்திலேயே ஒதுங்கியிருப்பார். நாங்கள் நாலடி பின்னால் வந்து நின்றும் அவருக்குத் தெரியவில்லை. மகள் "பாட்டி" என்று கூப்பிட்டதும் பதறித் திரும்பினார். ஸ்டீயரிங்கில் இருந்த மகளின் கை வெகுநேரம் நடுங்கியது.

அன்றிலிருந்து வளைவுக்கு முன்பே ஹாரன் அடிப்பாள், நெல் தெரிந்தாலே வேகத்தைக் குறைத்துவிடுவாள். நெல் மேல் திடீரென்று பிரேக் போட்டால் டயர் வழுக்கும், அதையும் மகனிடம் சொல்லிவையுங்கள்.

அப்புறம் இழுவை. மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தையும் கொடுக்கும். முதல் ஆறு மாதம் ஸ்போர்ட் மோட் பக்கமே போகவிடாதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறைவதால் பிரேக்கைத் தேடும் பழக்கம் பிள்ளைகளுக்குக் குறைகிறது. கூட உட்கார்ந்து கவனியுங்கள்.

வீட்டில் 15 ஆம்ப் பிளக்கும் நல்ல எர்த்திங்கும் வேண்டும். கோடையில் எங்கள் எர்த் குழி காய்ந்து சார்ஜ் ஏறாமல் நின்றது, எலக்ட்ரீஷியன் வந்து புதுக்குழி போட்டார். பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்தில் காரைச் சார்ஜ் போடாதீர்கள், அது விவசாயத்துக்கு மட்டும்தான்.

மகனுக்கு இன்னும் 18 ஆகவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றமானால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 18 முடியும்வரை சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.