பச்சைக் கூழ் விருது: வாசகர் கேள்விகள்

கேள்வி: குழந்தைகளுக்கான நிக்கலோடியன் டிவி சேனல் நடத்தும், பிள்ளைகளே ஓட்டுப் போடும் விருது விழாவான கிட்ஸ் சாய்ஸ் அவார்ட்ஸில் பெரியவர்கள் தலையீடே கிடையாதா?

பதில்: ஜெயிப்பது யார் என்பது பிள்ளைகள் கையில். போட்டியில் யார் யார் நிற்பது என்பது சேனல் கையில். பட்டியலில் பெயர் இல்லாதவரை ஊரிலுள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் பிடித்தாலும் விருது கிடைக்காது. அமெரிக்காவில் 1987-ல் 'தி பிக் பாலட்' என்று தொடங்கி, மறு வருடமே இப்போதைய பெயருக்கு மாறிய நிகழ்ச்சி இது. படம், பாடகர், கார்ட்டூன், வீடியோ கேம் என்று பிரிவுகள் நிறைய.

கேள்வி: ஒரே பிள்ளை பல ஓட்டுப் போடலாமாமே? கள்ள ஓட்டு ஆகாதா?

பதில்: அங்கே அது செல்லும் ஓட்டு! சில வருடங்கள் ட்விட்டரில் ஹேஷ்டேக் போட்டே வாக்களிக்க விட்டார்கள்; ரசிகர்கள் ராப்பகலாகப் பதிவிட்டுத் தள்ளினார்கள். அதனால் அந்த முடிவைப் பார்த்து, எத்தனை பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது என்று கணக்குப் போட முடியாது. யாருடைய ரசிகர் சளைக்காதவர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பள்ளி விழாவில் இதேபோல நடத்த நினைத்தால் ஆளுக்கு ஒரு சீட்டுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதுக்குப் பெயரோடு படமும் அச்சடியுங்கள். முதலில் இருக்கும் பெயருக்குச் சும்மாவே சில ஓட்டு கூடுதலாக விழும்; வரிசையை மாற்றி நாலைந்து விதமாகச் சீட்டு தயாரித்துக் கலந்து கொடுங்கள். கையைத் தூக்கச் சொல்லவே வேண்டாம். பக்கத்து நண்பனைப் பார்த்துத்தான் கை எழும்பும்.

கேள்வி: வாங்கிய விருதைச் சிலர் கண்ணில் வைத்துப் பார்க்கிறார்களே?

பதில்: விருதே ஆரஞ்சு நிற ஆகாயக் கப்பல் வடிவம்தான். அதற்குள் கலைடாஸ்கோப், அதாவது கண்ணில் வைத்துத் திருப்பினால் வண்ணக் கோலம் காட்டும் குழாய், இருக்கிறது. 1990 முதல் இதுதான் கோப்பை.

கேள்வி: பிரபலங்கள் தலையில் பச்சைக் கூழை ஊற்றுவது அவமானம் இல்லையா?

பதில்: அந்த மேடையில் அதுதான் பெரிய மரியாதை. 2010-ல் பாடகி கேட்டி பெர்ரி ஒரு பெட்டியைத் திறக்க, கூழ் நேராக முகத்தில் பீய்ச்சியது. வழக்கம் கிளம்பிய இடம் கனடாவின் ஒட்டாவா. அங்கே 1979-ல் தொடங்கிய 'யூ கான்ட் டூ தட் ஆன் டெலிவிஷன்' தொடரில், 'எனக்குத் தெரியாது' என்று வாய்தவறிச் சொன்னால் மேலிருந்து கூழ் கொட்டும். கேள்வி பதில் எழுதுகிறவர்களுக்கு இந்த விதி இல்லாதவரை பிழைத்தோம்.

கேள்வி: ஆண்டு விழாவுக்கு அந்தக் கூழை நாங்களே செய்ய முடியுமா?

பதில்: முடியும். முதலில் ஒன்று: பசையும் போராக்ஸும் கலந்து கையில் பிசைந்து விளையாடும் ஸ்லைமைத் தலையில் ஊற்றவே கூடாது. முடியில் ஒட்டினால் லேசில் வராது. போராக்ஸ் கண்ணை உறுத்தும்.

ஓர் ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், 200 கிராம் கார்ன்ஃப்ளார். வெள்ளையாக, நைஸாக இருக்கும் மாவுதான் வேண்டும். மஞ்சள் மக்காச்சோள மாவு நறநறக்கும். மாவை அரை லிட்டர் சூடாக்காத தண்ணீரில் கரைத்து, மீதித் தண்ணீர் கொதிக்கும்போது கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே மாவு உலர்ந்தே இருக்கும், அதுதான் கட்டி. பால் வெள்ளை போய்க் கஞ்சி மாதிரி மினுங்கியதும், இரண்டு மூன்று நிமிடம் கழித்து இறக்குங்கள்.

ஆறுவதில்தான் ஆபத்து. மேலே ஆடை படிந்து ஜில்லென்று இருக்கும், நடுவில் சுடும். அவ்வப்போது கிளறி, பல மணி நேரம் ஆற விடுங்கள். அடிவரை கரண்டியை விட்டு எடுத்த கூழைத் தொட்டுப் பார்க்காமல் யார் தலையிலும் ஊற்றாதீர்கள். ஆறியபின் இறுகும், கரண்டியிலிருந்து நாடாவாக வழிகிற பதம் வரும்வரை தண்ணீர் சேருங்கள்.

சமையல் நிறத்தில் பச்சையை மட்டும் போட்டால் வெளிறித் தெரியும். முதலில் மஞ்சள், பிறகு பச்சையைச் சொட்டுச் சொட்டாக. திப்பித்திப்பியாக வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி வெந்த ஓட்ஸ் போதும். கடைசியில் இரண்டு மூன்று ஸ்பூன் பேபி ஷாம்பூ சேர்த்தால் முடியை அலசுவது சுலபம். நிறம் துணியில் நிற்கும், பழைய சட்டை போடச் சொல்லுங்கள்.

வாளியைத் தலைக்கு ஓர் அடி மேலே பிடித்துச் சாய்த்து ஊற்ற வேண்டும். நாலு கிலோவை உயரத்திலிருந்து ஒரே வீச்சில் கொட்டினால் கழுத்து தாங்காது. கண்ணும் வாயும் மூடியிருக்கட்டும். தரையில் விரிக்கிற தார்ப்பாய் நனைந்தால் வழுக்கும். அதன் மேலே பழைய துண்டுகளை விரியுங்கள். மிச்சக் கூழை வழித்துக் குப்பையில் போடுங்கள், சாக்கடைக் குழாய்க்குள் தள்ளினால் அடைத்துக்கொள்ளும்.